மூணு நிமிஷம் ஆச்சுங்க

அந்தத் தண்ணீர் நன்றாக இருந்தது. மண்பானைத் தண்ணீர், வெட்டிவேர் போட்டது. சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் சைக்கிளைப் பாதித் தூரம் மிதித்தும் பாதித் தூரம் தோளில் தூக்கியும் வந்து சேர்ந்தவனுக்கு அது அமிர்தம். எவர்சில்வர் டம்ளரில் மூன்று முறை வாங்கிக் குடித்தேன். முதலில் நான் எடுக்கப் போனது ஜன்னல் விளிம்பில் தனியாக இருந்த ஒரு பச்சை பிளாஸ்டிக் டம்ளரைத்தான். சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தி, "அது வேணாம் தம்பி, அது அந்தம்மாவுது" என்றார். அந்தம்மா எனக்கு முதுகைக் காட்டியபடி, காதில் ஹெட்செட்டோடு, தொலைபேசி போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவரை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். பார்த்தது அன்றுதான். தண்ணீரைக் குடித்துவிட்டு, அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிட்டேன்.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று ஒருவர் எனக்குக் கட்டளை போட்டிருக்கிறார். அவர் யார் என்பது பிறகு. இப்போது அந்தம்மாவைச் சொல்கிறேன்.

எண்பதுகளில் சங்கராபுரம் தொலைபேசி நிலையத்தில் நான் ஆபரேட்டர். நிலையம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு போர்டு, ஒரு ஆடும் நாற்காலி. ஊரில் போன் வைத்திருந்தவர்கள் அரிசி மில், ஜவ்வரிசி மில், தாலுகா ஆபீஸ், போலீஸ், ஒரு டாக்டர், அப்புறம் நாலைந்து பெரிய குடும்பங்கள். அவர்கள் கைப்பிடியைச் சுற்றினால் போர்டில் அவர்கள் எண்ணுக்கு மேலே இருக்கும் சின்னத் தகடு டக்கென்று விழும். அதற்கு டிராப் என்று பெயர். டிராப் விழுந்ததும் வயரை எடுத்து அந்த ஓட்டையில் செருகி, "நம்பர் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். வெளியூருக்கு டிரங்க் கால் பேசுவதானால் எங்களுக்குக் கள்ளக்குறிச்சி ஒன்றுதான் வழி. அங்கே இருக்கும் ஆபரேட்டர் விழுப்புரத்தையோ ஆத்தூரையோ பிடித்துக் கொடுப்பார். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம் நடுவில் புகுந்து, "மூணு நிமிஷம் ஆச்சுங்க, நீட்டிக்கட்டுமா?" என்று கேட்பார். பேசுகிறவர் நீட்டிக்கலாம் என்றால் விடுவோம், இல்லையென்றால் வயரைப் பிடுங்கிவிடுவோம்.

ஆபரேட்டர்கள் ஒருவரையொருவர் ஊர்ப்பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். நான் சங்கராபுரம். அவர் கள்ளக்குறிச்சி. திருக்கோவிலூருக்கு மூக்கடைப்பு, உளுந்தூர்பேட்டைக்குக் கோபம், சின்னசேலத்துக்குப் பெண் பார்க்கிறார்கள். இப்படித்தான் எங்கள் பேச்சு இருக்கும். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரம். பேப்பரில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கலெக்டர் ஆபீஸ் ஞாபகம் வருவதில்லை. அவசரமில்லாத, கொஞ்சம் கனத்த ஒரு குரல்தான் ஞாபகம் வருகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், மத்தியானம், டிராப் விழாத நேரம். அந்தக் குரல் லைனில் வந்து, "சங்கராபுரம், படிக்கிற பழக்கம் உண்டுங்களா?" என்று கேட்டது. உண்டு என்றேன். கிளை நூலகத்தில் இரண்டு அலமாரியை முடித்துவிட்டேன் என்று கொஞ்சம் பீற்றிக்கொள்ளவும் செய்தேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"அது கெடக்கட்டுங்க. கடைசியா எந்தப் புக்கு படிக்கறப்ப டிராப் வுழுந்தது ஒங்க காதுல வுழல? எத்தனாவது பக்கம்?"

இப்படி ஒரு அளவுகோலை நான் அதற்கு முன்பும் கேள்விப்பட்டதில்லை, பிறகும் கேள்விப்பட்டதில்லை. யோசித்துப் பார்த்தால் பதில் இருந்தது. படகு உடைந்து ஒரு மணல்திட்டில் ஒதுங்கிய மூன்று பேரைப் பற்றிய நாவல், நாற்பத்திரண்டாம் பக்கம். அன்று தாலுகா ஆபீஸ்காரர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அலுத்துப்போய் நேரிலேயே வந்து என்னைத் திட்டினார். புத்தகத்தின் பெயரையும் பக்கத்தையும் கள்ளக்குறிச்சி குறித்துக்கொண்டார். பத்து நாள் கழித்து, வேலைக்கு நடுவில், "சங்கராபுரம், நாப்பத்திரண்டு சரிதாங்க. எனக்கு ஆத்தூர் கால் தவறிப்போச்சு" என்றார். எனக்கு ஏதோ பதக்கம் குத்திவிட்ட மாதிரி இருந்தது.

கேட்பதுதான் அவர் குணம். தெரிந்தவர்களிடம் கேட்க மாட்டார். தன் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் ஒரு புத்தகத்தின் பெயர் கேட்டதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். முகம் தெரியாதவர்கள்தான் வேண்டும். எல்லா ஊர் ஆபரேட்டர்களிடமும் கேட்டார். ஆத்தூர் சொன்ன புத்தகம் அவர் வழியாக எனக்கு வந்தது. நான் சொன்னது விழுப்புரத்துக்குப் போனது. ஒரே வயரில் டிரங்க் கால்களும் புத்தகங்களும் போய்க்கொண்டிருந்தன. அந்த வருடங்களில் நான் படித்த நல்ல புத்தகங்களில் பாதிக்கு மேல், நான் பார்த்தே இராத மனிதர்கள் சொன்னவை.

ஆபரேட்டர்களோடு நின்றிருந்தால் வம்பில்லை. டிரங்க் கால் புக் பண்ணிவிட்டுக் காத்திருக்கும் சந்தாதாரர்களையும் அவர் விடுவதில்லை. லைன் கிடைக்க அரை மணி ஆகும் என்று சொல்லிவிட்டு, அது வரைக்கும் ஒரு கேள்வி கேட்கலாமா என்பார். ஒரு ஜவ்வரிசி மில் முதலாளி தான் படிப்பது பஞ்சாங்கம் மட்டும்தான் என்றாராம். அதிலும் எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார். இன்னொருவர், ஏதோ இலாகாவில் பெரிய அதிகாரி, புகார் எழுதிப் போட்டுவிட்டார். அரசு ஊழியர் பணி நேரத்தில் தன்னிடம் நாவல் விசாரித்தார் என்று. மெமோ வந்தது. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். இவர் அந்த மெமோவுக்கு எழுத வேண்டிய பதிலை லைனில் ஆபரேட்டர்கள் எங்கள் ஆறு பேருக்கும் படித்துக் காட்டி, எந்த வரி தேவையில்லை என்று கேட்டார். உளுந்தூர்பேட்டை கடைசி வரியை எடுக்கச் சொன்னார். நான் முதல் வரியை எடுக்கச் சொன்னேன். மிச்சம் இருந்த இரண்டு வரியை அனுப்பினார். மேலதிகாரி அதைப் படித்துவிட்டு, மன்னிப்புக் கடிதம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொன்னாராம். அவர் எழுத்துக்கு எனக்குத் தெரிந்து கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

ஏனென்றால் அவர் எழுதினார். டிரங்க் கால் விவரம் எழுதிக் கெட்டுப்போன சீட்டுகளின் முதுகில் பென்சிலால் கதை எழுதுவார். வேலை இல்லாத மத்தியானங்களில் படித்துக் காட்டுவார். வழக்கதோஷம், கதையும் மூன்று நிமிஷத் துண்டுகளாகத்தான் வரும். மூன்று நிமிஷம் படித்துவிட்டு நிறுத்தி, சந்தாதாரர்களிடம் கேட்கும் அதே குரலில், "மூணு நிமிஷம் ஆச்சுங்க, நீட்டிக்கட்டுமா?" என்பார். நன்றாக இருந்தால் நீட்டிக்கலாம் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் "கட்" என்று சொல்ல வேண்டும். கட் என்று சொன்னால் கோபமே வராது. எந்த இடத்தில் போரடித்தது என்று மட்டும் கேட்டு, அந்தச் சீட்டைக் கிழிக்கும் சத்தம் இந்தப் பக்கம் கேட்கும்படி கிழிப்பார்.

யோசனை சொல்பவர் படித்தவராக இருக்க வேண்டும் என்றுகூட அவருக்குக் கிடையாது. கல்வராயன் மலை மேல் வெள்ளிமலையில் ஒரே ஒரு போன் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் மலைக்காரர், வயதானவர், ஒரு கதைப் புத்தகத்தையும் தொட்டதில்லை. மலையில் மழை பெய்தால் அந்த லைனில் ஒரே இரைச்சலாக இருக்கும். அந்த இரைச்சலோடு அவருக்கும் ஒரு கதை படித்துக் காட்டியிருக்கிறார் இவர். வெளியூர் ஆள் ஒருத்தன் ஒரு வீட்டைத் தேடி வருகிற கதை. முழுக்கக் கேட்டுவிட்டு வெள்ளிமலை, "எல்லாம் சரி தாயி. அந்த வூட்ல நாய் இல்லியா?" என்று கேட்டாராம். அசலூர் ஆள் வந்தால் மனுஷன் பார்ப்பதற்கு முன்னால் நாய் பார்த்துவிடும் என்பது அவர் கட்சி. எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. கள்ளக்குறிச்சிக்கு அன்று முழுவதும் சந்தோஷம். கதையில் ஒரு நாய் வந்தது. அதற்குப் பிறகுதான் அந்தக் கதை ஒழுங்காக நடந்தது.

நான்தான் இருப்பவர்களில் கறாரான ஆள். பத்துக்கு எட்டுத் தரம் கட் என்பேன். கழுத்தறுப்பு என்பேன், அழுகாச்சி என்பேன், உபதேசத்தைக் கோவில் மைக்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். இருபத்தாறு வயதுக்கே உரிய திமிர். மற்றவர்கள் யாராவது கண்டித்தால், "சங்கராபுரம் திட்டறாரு, ஆனா எடத்தக் காட்டித் திட்டறாருங்க" என்று எனக்காகப் பரிந்து பேசுவார். ஒரு தரம் நானே கேட்டேன். உங்கள் ஊரிலேயே நூலகர் இருக்கிறார், தமிழ் வாத்தியார்கள் இருக்கிறார்கள், எதற்கு எங்களிடம் வந்து அடி வாங்குகிறீர்கள் என்று.

"மூஞ்சி தெரிஞ்சா மூஞ்சிக்காகச் சொல்லுவாங்க சங்கராபுரம். ஏசறதும் மூஞ்சிக்காக, பாராட்டறதும் மூஞ்சிக்காக. ரெண்டும் என் கதைய பத்தி இல்ல. நீங்கள்லாம் வயரு. வயருக்கு முகதாட்சண்யம் கெடையாது."

அப்போது இதை ஒரு நல்ல வசனம் என்று ரசித்தேன். இதற்குப் பின்னால் அன்றாடம் ஒரு டம்ளர் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? பேர் கேட்கக் கூடாது, ஊர்த்தெருவா வேறு தெருவா என்று விசாரிக்கக் கூடாது, நேரில் வந்து நிற்கக் கூடாது. இதெல்லாம் அவர் வாய்விட்டுச் சொன்ன விதி இல்லை. ஆனால் எங்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. நான் மனதுக்குள் அவரை ஐம்பது வயது, கண்ணாடி, பருத்த உடம்பு, அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. என்று வைத்திருந்தேன்.

அப்புறம் அந்த மழைக்காலத்தில் மறியல் வந்தது.

இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்கள் முழுக்க ரோட்டை மறித்தார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். என் சித்தப்பா கோடாலியோடு போய் ஒரு வாரம் வீட்டுக்கு வரவில்லை. கேட்டது நியாயம் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். காட்டில் உழைத்துச் சாகிறவன் பிள்ளைக்குப் படிப்பிலும் வேலையிலும் பங்கு வேண்டாமா? ஆனால் அதே வாயால், ஏற்கெனவே பங்கு கிடைத்தவர்களை எங்கள் வீட்டில் "கோட்டாவுல வந்தவங்க" என்று இளக்காரமாகப் பேசியதும் உண்டு. நானும் அந்த வீட்டில்தான் சோறு தின்றேன், எழுந்து போய்விடவில்லை. சில ஊர்களில் காலனிப் பக்கம் கூரைகள் எரிகின்றன என்று செய்தி வந்தது. அந்தச் செய்திகள் எல்லாம் எங்கள் வயர் வழியாகத்தான் போயின. கள்ளக்குறிச்சி அவற்றையும் அதே குரலில், ஒரு ஏற்ற இறக்கம் இல்லாமல் இணைத்துக் கொடுத்தார்.

பெரிய பெரிய புளியமரங்கள் ரோட்டின் குறுக்கே கிடந்தன. சில மரங்கள் சாயும்போது தந்திக் கம்பங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தன. இரண்டாம் நாளே எங்கள் லைன் போயிற்று. டாக்டருக்கும் போலீசுக்கும் வெளியூர்ப் போன் இல்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, எந்தெந்தக் கம்பம் விழுந்திருக்கிறது என்று வழியெல்லாம் எண்களைக் குறித்துக் கள்ளக்குறிச்சியில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் சரிசெய்ய ஆள் வரும் என்றார் எங்கள் பொறுப்பாளர். என்னிடம் சைக்கிள் இருந்தது. கிளம்பினேன்.

மரத்துக்கு மரம் ஆட்கள் நின்றார்கள். பஸ்ஸை விடவில்லை, லாரியை விடவில்லை. என்னை விட்டார்கள். நான் யார் மகன், யார் அண்ணன் பிள்ளை என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு இடத்தில் இரண்டு பேர் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தே கொடுத்தார்கள். முகம் தெரிந்ததால் எனக்கு வழி கிடைத்தது. மிதிக்கும்போது நான் இதையெல்லாம் யோசிக்கவில்லை. கள்ளக்குறிச்சியைப் பார்க்கப் போகிறோம் என்ற ஒரே நினைப்புதான். உள்ளே போய், "சங்கராபுரம்ங்க" என்று சொல்ல வேண்டும், அவர் திடுக்கிட வேண்டும், நாற்பத்திரண்டாம் பக்கம் என்று சொல்லிச் சிரிக்க வேண்டும். வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

மற்றதை முதலிலேயே சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் நல்ல மனிதர். கம்பம் எண்கள் எழுதிய தாளை வாங்கிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க வந்த என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தார். "அது அந்தம்மாவுது" என்று அவர் சொன்னதில் வெறுப்பு எதுவும் இல்லை. சேற்றில் கால் வைக்கப் போகிறவனைத் தடுக்கிற மாதிரி, அக்கறையாகத்தான் சொன்னார். எனக்கு உடனே புரிந்தது. எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அவருக்கு என் வயதுதான் இருக்கும். ஒல்லி. எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. பக்கத்தில் டிரங்க் சீட்டுகளின் கட்டு, முதுகுப்பக்கம் மேலாக, பென்சில் எழுத்தோடு. ஆத்தூரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"சங்கராபுரம் லைன் செத்துக் கெடக்குதுங்க. அங்க நம்ம ஆளு ஒருத்தரு இருக்காரு, இன்னா ஆனாரோ தெரியல. மனசே ஓடல."

நான் அவருக்கு ஆறடி பின்னால், கையில் எவர்சில்வர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று சூப்பர்வைசர் ஜாடையில் கேட்டார். டம்ளரை நீட்டினேன். மூன்றாவது தடவை அப்போதுதான் வாங்கிக் குடித்தேன். எந்த நாயும் குரைக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சில நாளில் மரங்களை அகற்றினார்கள், கம்பம் நட்டார்கள், லைன் வந்தது. டிராப் விழுந்த சத்தத்திலேயே யார் என்று தெரிந்தது எனக்கு. "சங்கராபுரம், இருக்கீங்களா?" என்றார். இருக்கிறேன் என்றேன். நன்றாக இருக்கிறீர்களா, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார். மறியல் நாட்களில் ஒரு கதை எழுதியிருப்பதாகச் சொல்லிப் படிக்க ஆரம்பித்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அது அவர் எழுதியதிலேயே மோசமான கதை. வழியில் மறிக்கப்பட்ட பஸ், அதில் ஒரு நிறைமாத கர்ப்பிணி, குறுக்கே மரம், மேலே மழை, தூரத்தில் ஒரு குழந்தையின் அழுகை. ஒரு வாரத்துக்கு முன்பு என்றால், மழையையாவது விட்டுவையுங்கள் என்று சொல்லிக் கட் பண்ணியிருப்பேன். மூன்று நிமிஷம் ஆனது. "நீட்டிக்கட்டுமா?" என்றார். எனக்கு அந்தப் பச்சை டம்ளர் கண்ணுக்கு எதிரே நின்றது.

நீட்டிக்கலாம் என்றேன்.

இன்னொரு மூன்று நிமிஷம். இன்னும் மோசம். நீட்டிக்கலாம் என்றேன். மூன்றாவது தடவை கேட்டபோது, ரொம்ப நன்றாக இருக்கிறது, உங்கள் கதைகளிலேயே இதுதான் சிறந்தது என்றுகூடச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே என் குரல் ஏதோ துக்கம் விசாரிக்க வந்தவன் குரல் மாதிரி கேட்டது.  அந்தப் பக்கம் சீட்டு கிழியும் சத்தம் கேட்கவில்லை.

"சங்கராபுரம், என்னப் பாத்துட்டீங்களா?"

இல்லீங்களே என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக வேறெந்தப் பொய்யும் சொன்னதில்லை.

அவர் குரலை உயர்த்தவில்லை. "வேல எங்க உரிமைங்க. அத தல நிமுந்து வாங்கிக்கினேன். கதைக்கு எனக்கு யாரும் சலுக தர வேணாம்னுதான் மூஞ்சி தெரியாதவங்களா பாத்துப் பாத்துக் கேட்டுக்கினு இருந்தேன். கட்டுனு சொல்றதுக்கு இருந்தது நீங்க ஒருத்தருதான். அதுவும் போச்சு" என்றார். விழுப்புரம் கூப்பிடுகிறது என்று சொல்லி வயரைப் பிடுங்கிவிட்டார்.

அதற்குப் பிறகும் நாங்கள் தினமும் பேசினோம். "சங்கராபுரம், நம்பர் சொல்லுங்க." "லைன்ல இருங்க." "பேசலாம்." அவ்வளவுதான். மரியாதையில் ஒரு குறைவும் இல்லை. மத்தியானங்களில் எனக்கு டிராப் விழாது. அவர் நிறுத்திவிடவில்லை என்று சின்னசேலம் மூலம் தெரியும். புதிதாக ஒரு நாய்க் கதை எழுதியிருக்கிறார், எல்லாரையும் கேட்டார் என்று சின்னசேலம் சொல்வார். உங்களைக் கேட்கவில்லையா என்பார். வேலை அதிகம் என்று சமாளிப்பேன். நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகங்களில் பக்க எண்ணைக் குறித்து வைக்கும் பழக்கம் மட்டும் விடவில்லை. சொல்லத்தான் ஆள் இல்லை.

சில வருடம் கழித்து ஆட்டோமேட்டிக் வந்தது. அவரவரே எண்ணைச் சுழற்றிப் பேசிக்கொள்ளலாம், நடுவில் நாங்கள் வேண்டாம். கடைசி நாளில் ஆபரேட்டர்கள் எல்லாரும் லைனில் வந்து விடைபெற்றுக்கொண்டோம். திருக்கோவிலூர் தன் நிஜப் பெயரைச் சொல்லி அழுதார். சின்னசேலம் தன் இரண்டு பிள்ளைகளின் பெயரையும் சொன்னார். எனக்குக் கடைசி டிராப் சாயங்காலம் விழுந்தது. என் பெயர், என் தெரு, அன்று நடந்தது எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று முடிவு பண்ணி வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், பேர் சொல்லிவிடாதீர்கள் என்றார்.

"ஒன்னு மட்டும் கேக்கறேன் சங்கராபுரம். ஒரு ஆளு வந்து ஒக்காந்து தண்ணி குடிக்கிறாரு. பேச வந்தவரு, பேசாம போயிடறாரு. ஏன் போனாருன்னு எழுதணும். மூணு விதமா எழுதிப் பாத்துட்டேன். பயம்னு எழுதனேன், வெக்கம்னு எழுதனேன், வெறுப்புன்னு எழுதனேன். மூணும் ஒக்கார மாட்டேங்குது. நீங்க எடத்தக் காட்டிச் சொல்ற ஆளு. சொல்லுங்க."

சூப்பர்வைசர் அன்றே சொல்லியிருக்க வேண்டும், சங்கராபுரத்துத் தம்பி வந்துபோனான் என்று. அப்படியானால் அந்த மோசமான கதையை என்னிடம் படித்ததுகூட வேண்டுமென்றேதானோ என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரிசீவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரும் காத்திருந்தார். மலையில் மழை போலிருக்கிறது, லைனில் இரைச்சலாக இருந்தது. 

"மூணு நிமிஷம் ஆச்சுங்க" என்றார். நீட்டிக்கட்டுமா என்று கேட்காமல் வயரை எடுத்துவிட்டார்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. பேத்தி என் போனில் ஒரு வாசகர் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டிருக்கிறாள். யார் யாரோ, எந்தெந்த ஊரோ, என் படம்கூட இல்லாத பக்கத்தில் வந்து கேட்கிறார்கள். அழ வைக்காத நாவல் ஒன்று சொல்லுங்கள், ரயிலில் படிக்க ஒன்று சொல்லுங்கள், இந்தக் கதையை எப்படி முடிக்கலாம், சொல்லுங்கள். முகம் தெரியாதவர்களிடம் கேட்பது இப்போது வந்த பழக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும். அப்புறம் எத்தனாவது பக்கம் என்று ஒருவரும் கேட்பதில்லையே என்றிருக்கும்.

போன மாதம் நான் இதை எழுதி அந்தக் குழுவில் போட்டேன். அப்போது இது இப்படித் தொடங்கவில்லை. கிளை நூலகத்தில் நான் படித்து முடித்த அலமாரிகளில் தொடங்கி, போர்டு, டிராப், ஊர்ப்பெயர் என்று சுற்றி வந்து, கடைசியில் ஓரமாகத் தண்ணீர் வந்தது. அருமை ஐயா என்றார்கள். கண்ணீர் வந்தது என்றார்கள். அந்தக் காலச் சூழ்நிலை அப்படி, உங்கள் மேல் தவறில்லை என்று பலர் ஆறுதல் சொன்னார்கள். முகம் தெரியாத அத்தனை பேரும் எனக்குச் சலுகை கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ளக் கை கூசியது.

மூன்றாம் நாள் ஒரு பதில் வந்தது. படம் இல்லாத பக்கம், பெயருக்குப் பதில் இரண்டு எழுத்து.

"பாதி வரைக்கும் போரடிக்குது. நீங்க எவ்ளோ பெரிய வாசகர்னு சொல்லிக்கினு இருக்கீங்க. தண்ணிய மொதல்ல வையுங்க. அந்த ஆளு ஏன் பேசாம போனாருன்னு இதுலயும் இல்ல. சூழ்நிலைன்னு மழுப்பாம எழுதுங்க."

நீங்கள் கள்ளக்குறிச்சியா என்று கேட்டு ஒரு வரி எழுதினேன். அனுப்பவில்லை, அழித்துவிட்டேன். இனிமேலாவது அதைக் கேட்காமல் இருக்க எனக்குத் தெரிய வேண்டும். தண்ணீரை மேலே கொண்டுபோய் வைத்தேன். அப்புறம் அவர் கேட்ட இடத்துக்கு வந்தேன். பயம் இல்லை. வெட்கம் பிறகு வந்தது, அன்று இல்லை. வெறுப்பும் இல்லை. பேசியிருந்தால் எவர்சில்வரை வைத்துவிட்டு அந்தப் பச்சை டம்ளரில் குடிக்க வேண்டியிருந்திருக்கும். பேசாமல் இருப்பது வசதியாக இருந்தது. தாகம் தீர்ந்தது. தண்ணீர் நன்றாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

திருத்தியதைப் போட்டுவிட்டு, கீழே ஒரு வரி சேர்த்தேன். மூணு நிமிஷம் ஆச்சுங்க, நீட்டிக்கட்டுமா?

ரொம்ப நேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த இரண்டெழுத்திடமிருந்து ஒரு வரி வந்தது.

"வேணாம். இங்கயே கட்."